கடைமடைக் கணக்கு

தாமிரபரணி வடகால், தென்கால் பாசனதாரர்களுக்கு ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு திறந்த மடல்

அண்ணாச்சிமாரே, மதினிமாரே, தம்பிமாரே,

போன வாரம் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டு நின்றபோது இரண்டு பேச்சு காதில் விழுந்தது. "தூத்துக்குடியில ஹைட்ரஜன் ஃபேக்டரி வருதாம், இனி ஆத்துத் தண்ணி பூராவும் அவனுக்குத்தான்" என்றார் ஒருவர். "தண்ணியில இருந்து எரிபொருளா? அந்த மூலிகைப் பெட்ரோல் கததான் இதுவும்" என்றார் இன்னொருவர். இருவருமே எனக்கு வேண்டியவர்கள். முதலாமவரிடம் ஏத்தன் வாழைக்கன்று வாங்கியிருக்கிறேன். இரண்டாமவர் பத்தாம் வகுப்பில் என்னிடம் வேதியியல் படித்தவர். என் பாடம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது பாருங்கள்.

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. கணக்குப் போடாமல் பேசினால் வாத்தியாருக்கு அழகில்லை. வீட்டுக்கு வந்து பழைய டைரியின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். நான் நினைத்தது ஒன்று, கணக்குக் காட்டியது வேறு. அதனால்தான் இந்தக் கடிதம்.

மூலிகைப் பெட்ரோலை முதலில் முடித்துவிடுகிறேன். 1996-ல் ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை, தண்ணீரில் இலையைப் போட்டுக் கொதிக்கவைத்துப் பெட்ரோல் எடுப்பதாகச் செய்து காட்டினார். டெல்லி வரைக்கும் அதே பேச்சு. வகுப்பில் பிள்ளைகள், "சார், நம்ம புஸ்தகத்துல இது ஏன் இல்ல?" என்று கேட்டார்கள். விற்றது பெட்ரோலியப் பொருள்களைக் கலந்த சரக்கு என்று சிபிஐ வழக்குப் போட்டது. 2016-ல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்று வருஷச் சிறைத்தண்டனை விதித்தது. அன்றைக்கு நம்பினவர்களைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. ஆயில் இன்ஜினுக்கு டீசல் ஊற்றியே வாழையைக் காப்பாற்றினவனுக்குத் தெரியும், அப்படி ஒரு இலை இருந்துவிடக் கூடாதா என்கிற ஏக்கம்.

ஆனால் இலை எதுவானாலும் அது நடக்காது. ஏன் என்று ஒரே வரியில் சொல்கிறேன். தண்ணீர் என்பது சாம்பல். விறகு எரிந்து மிஞ்சுவது சாம்பல் என்றால், ஹைட்ரஜன் எரிந்து மிஞ்சுவது தண்ணீர். ஏற்கெனவே எரிந்து முடிந்ததை மறுபடி எரிக்க முடியாது. அதைப் பிரித்துப் பழையபடி ஹைட்ரஜன் ஆக்கலாம், அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். கூலி என்பது கரண்ட். ஒரு கிலோ ஹைட்ரஜன் பிரிக்க 50 யூனிட்டுக்கு மேல் செலவாகும். அந்த ஒரு கிலோவை எரித்தால் திரும்பக் கிடைக்கும் சூடு ஏறக்குறைய 33 யூனிட்தான். மூலிகைப் பெட்ரோல் கணக்கில் வரவு மட்டும் இருந்தது. இந்தக் கணக்கில் நஷ்டத்தை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறார்கள். அதனால்தான் நான் இதை நம்புகிறேன்.

அப்படியானால் நஷ்டப்பட்டு ஏன் செய்ய வேண்டும்? ஸ்கூட்டருக்கும் காருக்கும் மோட்டார் பம்புக்கும் செய்யவே வேண்டாம் என்பது என் கட்சி. கரண்டை நேரே பேட்டரியில் ஏற்றி ஓட்டினால் பெரும்பகுதி சக்கரத்துக்கு வந்து சேரும். ஹைட்ரஜனாக்கி, அழுத்தி அடைத்து, திரும்பக் கரண்டாக்கி ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினாலே பெரிசு. சிலாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் கம்பெனி 2025 ஆகஸ்டில் மின்சாரக் கார்த் தொழிற்சாலையைத் திறந்துவிட்டது. அந்த வழி அந்த வழியாகப் போகட்டும். கரண்ட் கம்பியை இழுத்துக்கொண்டு கடலில் போக முடியாத கப்பலுக்கும், உரத்துக்கும், இரும்பு உருக்குவதற்கும்தான் ஹைட்ரஜன்.

உரம் என்றதும் நம் வீட்டுத் திண்ணையில் கிடக்கும் யூரியா மூட்டையைப் பாருங்கள். பெட்ரோல் பங்கு பக்கமே போகாத சம்சாரிகூடப் பெட்ரோலியத்தை வயலில் தூவிக்கொண்டுதான் இருந்தான். தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலை பல வருஷம் நாப்தாவிலிருந்து அம்மோனியா எடுத்து யூரியா செய்தது. நாப்தா கச்சா எண்ணெயில் பிரிகிற சரக்கு. 2021 பிப்ரவரியில் ராமநாதபுரம் - தூத்துக்குடி எரிவாயுக் குழாய், 143 கிலோமீட்டர், திறக்கப்பட்ட பிறகு ஆலை இயற்கை வாயுவுக்கு மாறியது. வாயுவும் மண்ணுக்கடியில் இருந்து வருவதுதான். அந்த அம்மோனியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து எடுத்தால் அதுதான் இவர்கள் சொல்கிற பசுமை அம்மோனியா. வேறு மந்திரம் ஒன்றுமில்லை.

இனி ஆற்று விஷயம். அதற்கு முன்னால், பெட்ரோலுக்கு மாற்று என்று சொல்லிக்கொண்டு நம் பக்கம் ஏற்கெனவே வந்துபோனவற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். என் தாத்தா கரி பஸ்ஸைப் பற்றிச் சொல்வார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய உருளையைக் கட்டி, அதில் மரக்கரியைப் போட்டு மூட்டி, வருகிற வாயுவில் இன்ஜினை ஓட்டினார்கள். மதுரையில் டி.வி.எஸ். நிறுவனமே அந்தக் காஸ் பிளான்ட்டைச் செய்து கொடுத்தது. விடிவதற்கு முன்பே கிளீனர் எழுந்து விசிறிக் கைப்பிடியைச் சுற்றோ சுற்றென்று சுற்றுவானாம். கரி பிடித்து வாயு வரும்வரை டிரைவர் பீடி குடித்துக்கொண்டு நிற்பார். மேட்டில் ஏறாவிட்டால் ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும், டிக்கெட் காசு திரும்பக் கிடைக்காது. தாத்தா இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். போர் முடிந்து பெட்ரோல் தாராளமாக வந்ததும் அந்த உருளைகள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. எண்ணெய் மலிந்ததும் மாற்று எரிபொருளை மறப்பது அன்றைக்கே நடந்திருக்கிறது. விளாத்திகுளம் பக்கத்து உடங்காடுகளில் இன்றைக்கும் சீமைக்கருவேலக் கரிமூட்டம் புகைகிறது. அதில் பஸ் ஓட்டலாம் என்று யாரும் இப்போது நினைப்பதில்லை.

அடுத்தது காட்டாமணக்கு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு எவ்வளவு விளம்பரம்! தரிசில் நட்டால் போதும், தண்ணீர் வேண்டாம், ஆடு கடிக்காது, விதையை ஆட்டினால் டீசல். திட்டக்குழு 2003-ல் அறிக்கை எழுதியது. 2009-ல் மத்திய அரசின் உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள் டீசலில் ஐந்தில் ஒரு பங்கு இப்படி வர வேண்டும் என்றது. வரவில்லை. செடி சாகவில்லை என்பது உண்மைதான். தண்ணீர் இல்லாமல் உயிரோடு நின்றது, காய்க்கத்தான் இல்லை. தண்ணீர் பாய்ச்சினால் காய்க்கும். தண்ணீர் பாய்ச்சுகிற நிலத்தில் நெல்லையும் வாழையையும் விட்டுவிட்டு அதை யார் நடுவார்கள்?

பிறகு எத்தனால். இன்றைக்குப் பங்கில் நீங்கள் போடும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால்தான். 2014-ல் நூற்றுக்கு ஒன்றரை இருந்தது, 2025-ல் இருபதுக்கு வந்துவிட்டது. கரும்பு, மக்காச்சோளம், உணவுக் கழகத்தின் அரிசி எல்லாம் அதற்குப் போகின்றன. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க, பயிருக்குப் பாய்ச்சும் நீரையும் சேர்த்து, குறைந்தது 2,860 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று நிதி ஆயோக்கே 2021 அறிக்கையில் எழுதியிருக்கிறது. ஒரு லிட்டருக்கு! இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் கொஞ்சம் மிகை. ஆனாலும் டைரியில் சிவப்பு மையில் எழுதிவைத்தேன்.

ஆக, பெட்ரோலுக்கு மாற்றாகப் பயிரிலிருந்து வந்ததெல்லாம் கடைசியில் மடைவாசலில் வந்துதான் நின்றிருக்கிறது. ஹைட்ரஜனும் அப்படித்தானா?

டைரியில் போட்ட கணக்கு இதோ. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீர் பிரிய வேண்டும். இது இயற்கை விதி, யாரும் குறைக்க முடியாது. தண்ணீரைச் சுத்தம் பண்ணவும் எந்திரத்தைக் குளிரவைக்கவும் சேர்த்தால் 20, 25 லிட்டர் ஆகும். ஒரு டன் அம்மோனியாவில் ஏறக்குறைய 177 கிலோ ஹைட்ரஜன் இருக்கிறது. வருஷத்துக்குப் பத்து லட்சம் டன் அம்மோனியா செய்யும் பெரிய ஆலை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு கோடியே இருபது லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். கேட்கப் பெரிதாக இருக்கிறது. நெல்லுக்கு மாற்றிப் பார்ப்போம். ஒரு ஏக்கர் நெல் ஒரு போகத்துக்கு 1,200 மில்லிமீட்டர் நீர் குடித்தால் அது 48 லட்சம் லிட்டர். அந்த ஆலை ஒரு நாளைக்குக் குடிப்பது இரண்டரை ஏக்கர் நெல்லின் ஒரு போகம். வருஷம் முழுக்கக் குடித்தால் 900 ஏக்கர்.

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டிலும் பாசனம் 86,107 ஏக்கர் என்று சின்ன வயதிலிருந்து மனப்பாடம். அதில் 900 ஏக்கர் என்பது நூற்றுக்கு ஒன்று. எத்தனாலோடு ஒப்பிட்டால் ஹைட்ரஜன் தண்ணீரை நக்கிப் பார்க்கிறது, அவ்வளவுதான். "ஆறு பூராவும் அவனுக்குத்தான்" என்ற அண்ணாச்சி, உங்கள் கணக்குத் தப்பு.

ஆனால் பயம் தப்பில்லை.

ஏன் என்றால், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு கடைசி அணைக்கட்டு. 1873-ல் கட்டி முடித்தார்கள். அதற்கு மேலே ஏழு அணைக்கட்டும் எடுத்தது போக மிச்சம்தான் நமக்கு. அந்த மிச்சத்திலிருந்துதான் 1970-களில் 20 எம்.ஜி.டி. திட்டம் வந்தது. தினம் இரண்டு கோடி காலன், அதாவது ஒன்பது கோடி லிட்டருக்குக் கொஞ்சம் மேலே, தூத்துக்குடி ஆலைகளுக்கு. ஐப்பசி கார்த்திகையில் ஆறு இருகரையும் புரளும்போது ஒன்பது கோடி லிட்டர் ஒரு பொருட்டா? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் வெள்ளத்தின் நடுவே நின்றதே, அன்றைக்கு இந்தத் தண்ணீரை யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றுதான் இருந்தது. வைகாசியில் கதை வேறு. பாபநாசத்தில் தண்ணீர் இல்லை, ஜூன் முதல் தேதி கார் சாகுபடிக்குத் திறப்பு உண்டா இல்லையா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். வாழை குலை தள்ளி நிற்கும். அந்த நேரத்தில் பாசன மடை அடைபடலாம், ஆலைக் குழாய் அவ்வளவு சுலபத்தில் அடைபடுவதில்லை. வருஷக் கணக்கில் நூற்றுக்கு ஒன்று என்பது மே மாதக் கணக்கில் எவ்வளவு? இதைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது துறைமுகத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் ஓடவில்லை. 2025 செப்டம்பரில் வ.உ.சி. துறைமுகத்தில் மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன் எடுக்கும் மாதிரி ஆலையைத் தொடங்கிவைத்தார்கள். எடையில் அது ஒரு கிலோகூட இல்லை. அதற்கு மணிக்கு ஒரு குடம் தண்ணீர் போதும். அந்த ஹைட்ரஜனைத் திரும்பக் கரண்டாக்கித் துறைமுகக் குடியிருப்பில் தெருவிளக்கு எரிகிறது, ஒரு சார்ஜிங் நிலையமும் ஓடுகிறது. கரண்டை ஹைட்ரஜனாக்கி, ஹைட்ரஜனைக் கரண்டாக்கி விளக்கு எரிப்பது மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுகிற வேலைதான். இருந்தாலும் செய்துபார்த்துக் கற்றுக்கொள்ள அதுவும் வேண்டும். கப்பல்களுக்குப் பசுமை மெத்தனால் நிரப்பும் வசதிக்கும் அதே நாளில் அடிக்கல் போட்டார்கள்.

இது மாதிரி ஆலையோடு நிற்காது. 2023 ஜனவரியில் மத்திய அரசு தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2030-க்குள் வருஷத்துக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. அதற்குத் தூத்துக்குடியைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை. வெயில் இருக்கிறது, காற்று இருக்கிறது, கப்பல் வந்து நிற்க ஆழமும் இருக்கிறது. நாட்டின் முதல் காற்றாலைகளில் சில, ஒவ்வொன்றும் 55 கிலோவாட், 1986-ல் நம் முள்ளக்காட்டில்தான் சுழன்றன. சிங்கப்பூரின் செம்ப்கார்ப்பும் ஜப்பான் நிறுவனங்களான சோஜிட்ஸும் கியூஷு எலக்ட்ரிக்கும் என்.ஒய்.கே. கப்பல் கம்பெனியும் இங்கிருந்து ஜப்பானுக்கு வருஷம் இரண்டு லட்சம் டன் பசுமை அம்மோனியா அனுப்ப 2024-ல் உடன்பாடு போட்டுக்கொண்டன. யோசித்துப் பாருங்கள், அந்தக் கப்பலில் ஏறிப் போகப்போவது நம் ஊர்க் காற்றும் தண்ணீரும்தான். அம்மோனியாவில் உள்ள நைட்ரஜன் காற்றிலிருந்து வந்தது, ஹைட்ரஜன் தண்ணீரிலிருந்து.

காற்றில் கப்பல் ஓட்டுவது தூத்துக்குடிக்குப் புதிதும் இல்லை. பாய் விரித்த தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குக் கொண்டுபோனது நம் அப்பாமார் காலத்துக் காட்சி. வ.உ.சி. 1906-ல் தொடங்கிய கப்பல் கம்பெனியின் கேலியா, லாவோ கப்பல்கள் நிலக்கரியில் ஓடின. பிறகு எண்ணெய். இப்போது காற்றை அம்மோனியாவாகப் பிடித்து மறுபடி கப்பலில் ஏற்றப் பார்க்கிறார்கள். ஒரு வித்தியாசம் சொல்லியாக வேண்டும்: வ.உ.சி. 25 ரூபாய்க்கு ஒரு பங்கு என்று சாதாரண ஆட்களிடமும் விற்றார்.

சரி, தண்ணீர் எங்கிருந்து? கேட்டால் இரண்டு பதில் வரும். ஒன்று ஆறு, இன்னொன்று கடல். கடல்நீரைக் குடிநீராக்குவது செலவு பிடிக்கும் என்று கூடவே சொல்வார்கள். இந்த இடத்தில் டைரியை மறுபடி திறந்தேன். நான் எதிர்பாராதது இங்கேதான் கிடைத்தது. கடல்நீரில் ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க மூன்றரை யூனிட், அதிகமானால் நான்கு யூனிட் கரண்ட் ஆகும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 25 லிட்டர் என்று வைத்தாலும் அதற்கு வேண்டியது பத்தில் ஒரு யூனிட். தண்ணீரைப் பிரிக்க 50 யூனிட் செலவு செய்கிறவன், அந்தத் தண்ணீரைக் கடலில் இருந்து எடுக்கப் பத்தில் ஒரு யூனிட் கட்டுப்படியாகாது என்று சொன்னால் அது கட்டுப்படியாகாத கதை இல்லை, ஆற்றுத் தண்ணீர் சும்மா கிடைக்கிறது என்கிற நினைப்பு. நெல்லுக்குக் கடல்நீரைச் சுத்தம் பண்ணிப் பாய்ச்ச முடியாது, விலை தாங்காது. ஹைட்ரஜன் தாங்கும். ஆற்றைவிட்டால் வேறு கதியில்லாதவர்கள் நாம்தான், அவர்கள் இல்லை.

தூத்துக்குடி மாநகராட்சியின் கழிவுநீரைச் சுத்தம் செய்தும் கொடுக்கலாம். குளிரூட்ட அதுவே போதும்.

கடல் என்று சொல்லிவிட்டு நான் கையைக் கழுவிக்கொள்ளவில்லை. கடலுக்குப் போகும் புன்னைக்காயல் சொந்தக்காரர்கள் இந்தக் கடிதத்தைப் படித்தால் என்னைத்தான் திட்டுவார்கள். கடல்நீரில் பாதிக்கும் குறைவாகத்தான் நல்ல தண்ணீராகும், மீதி ஏறக்குறைய இருமடங்கு உப்போடு திரும்பக் கடலுக்குப் போகும். மன்னார் வளைகுடா சாதாரணக் கடல் இல்லை. இருபத்தொரு தீவு, பவளப்பாறை, சங்கு, முத்துச்சிப்பி விளைந்த பார். அந்த உப்புநீரை எங்கே, எவ்வளவு ஆழத்தில், எந்த நீரோட்டத்தில் விடுவார்கள் என்பதைப் புன்னைக்காயல்காரர்கள் கேட்க வேண்டும், நாமும் பக்கத்தில் நிற்க வேண்டும். எனக்கு ஒரு யோசனை உண்டு. உப்பளத்துக்காரர்கள் கடல்நீரைவிட உப்பு ஏறிய நீரைத்தானே தேடுகிறார்கள்? மிச்சத்தை ரசாயனம் நீக்கி அந்தப் பாத்திகளுக்குக் கொடுக்க முடியுமா என்று விஷயம் தெரிந்தவர்கள் சோதித்துப் பார்க்கட்டும். வாத்தியாரின் யோசனை, உப்பளத்தில் வேலை செய்தவர்கள் தள்ளிவிட்டால் நான் வாதாட மாட்டேன்.

ஹைட்ரஜன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் பாலிடெக்னிக் முடித்துவிட்டுக் குவைத்துக்கும் சவூதிக்கும் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகிற தூரத்தில் வேலை கிடைத்தால் எனக்குத்தான் முதல் சந்தோஷம். ஆனால் ஆலையைக் கட்டின பிறகு தண்ணீர் கேட்டால், 'இத்தனை ஆயிரம் கோடி போட்டாச்சு' என்பதே பதிலாக இருக்கும். ஒப்பந்தத்தில் கரண்ட் எங்கிருந்து, நிலம் எங்கிருந்து என்று எழுதுகிறார்கள். தண்ணீர் எங்கிருந்து, எந்த மாதத்தில் எவ்வளவு, மே மாதத்தில் அணைக்கட்டு வற்றினால் முதலில் எந்தக் குழாயை மூடுவது என்று அதே தாளில் எழுத வேண்டும். இப்போது, அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால்.

கூட்டத்தில் இதைப் பேசும்போது 'ஆறு பூராவும் போச்சு' என்று ஆரம்பிக்காதீர்கள். அதிகாரி ஒருவர் கால்குலேட்டரை எடுத்து நூற்றுக்கு ஒன்று என்று காட்டுவார், அதோடு நம் பேச்சு முடிந்தது. பத்தில் ஒரு யூனிட் கணக்கிலிருந்து தொடங்குங்கள். அதற்கு அவரிடம் சுலபமான பதில் இருக்காது.

கலெக்டர் ஆபீஸில் இந்த மாத விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனு எழுதிவிட்டேன். ஒரே பக்கம், கணக்கு மட்டும். எழுத்துப் பிழை பார்க்க என் பழைய மாணவரிடம், அதே மூலிகைப் பெட்ரோல்காரரிடம், கொடுத்திருக்கிறேன். 9 லிட்டர் எப்படி வந்தது என்று கேட்டுப் போனில் கூப்பிட்டார். அணு எடையிலிருந்து தொடங்கி முக்கால் மணி நேரம் பேசினேன். கடைசியில், "அப்ப மே மாசத்துக்குத் தனியா ஒரு வரி போடுங்க சார்" என்றார். போட்டிருக்கிறேன்.

கையெழுத்துப் போடுகிறவர்கள் வியாழக்கிழமைக்குள் வீட்டுப் பக்கம் வாருங்கள். கூட்டத்தன்று காலை ஏழு மணி பஸ்ஸில் போகிறேன். நேரில் வர முடிந்தவர்கள் பட்டா நகலும், போன வருஷம் உங்கள் மடையில் தண்ணீர் நின்ற தேதியும் எழுதி எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
தென்கால் கடைமடையில் அரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு பழைய வேதியியல் வாத்தியார்